இரண்டு முறை சலித்த மண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குழிக்குள் கிடைத்தது. அந்தக் குழியை இரண்டு தடவை வெட்டியவன் நான். அதனால் எழுதும் உரிமையும் எனக்குத்தான். இல்லை என்பவர்கள் வந்து ஒரு மணி நேரம் கடப்பாரை போட்டுவிட்டுப் பேசட்டும்.

முதல் தொடக்கம்: "பங்கானி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கதிரவன் தன் பொற்கரங்களை விரித்து..."

அடித்துவிட்டேன். எங்கள் ஊர் வெயிலுக்குக் கரமெல்லாம் கிடையாது. ஒன்பது மணிக்கு முதுகில் ஏறி உட்காரும். நாலு மணிக்குத்தான் இறங்கும்.

இரண்டாவது: "மண் பேசும் என்பார்கள்..."

இதுவும் வேண்டாம். இருபது வருஷம் மண்ணோடு கிடந்தவன் சொல்கிறேன், அது பேசாது. பேசுவதெல்லாம் பேராசிரியர்கள்.

மூன்றாவது தேறும்.

2

அஸ்தேரியாவுக்கு இருபத்தாறு வயது. மொரோகோரோ மலையடிவாரத்துப் பெண். தொல்லியலில் செய்முறை முதுகலை படிக்க வந்தவள். மற்ற முதுகலைகள் நூலகத்தில் முடியும், இது முழங்கால் காய்ப்பில் முடியும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஒரு குழி. அதை மாணவி தானே பத்துப் பத்து சென்டிமீட்டராக இறக்கி*, வரைந்து, அறிக்கை எழுத வேண்டும். பேராசிரியர் சூவா அதில் கையெழுத்துப் போட்டால் பட்டம். மாவட்டத் தலைநகரின் சின்ன அருங்காட்சியகத்தில் ஒரு வேலை மாதக் கடைசிவரை அவளுக்காகக் காத்திருந்தது. கையெழுத்து விழாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள்.

* 'தானே' என்றால் கடப்பாரை நான், சல்லடை சிவேமா, பென்சில் அஸ்தேரியா.

(இவள் மனசுக்குள் நான் எப்படிப் போவது என்று ஒரு சந்தேகம் வந்தது. சிலதை அவளே சொன்னாள். மீதியை நான் நிரப்புகிறேன். நிரப்பிப் பழகிய கைதான்.)

3

இரண்டு வாரத்தில் எண்பது சென்டிமீட்டர் இறங்கினோம். பக்கத்துக் குழிகளில் பானை ஓடு, பாசிமணி, இரும்புக் கசடு என்று கூடை கூடையாக ஏறியது. அஸ்தேரியாவின் குழியில் ஒன்றுமில்லை. மண் மட்டும் மாவு மாதிரி, பொலபொலவென்று வந்தது.

சிவேமா சல்லடையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்து ஆட்டுவாள். நாற்பத்தைந்து வயது, நாலு பிள்ளை பெற்றவள், வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

"ஒரு ஓடாவது இருக்காக்கா?" என்று அஸ்தேரியா குழிக்குள்ளிருந்து கேட்பாள்.

"இருக்கு தங்கச்சி. என் முதுகுல ஓடு பேந்து கெடக்கு, எடுத்துப் பையில போட்டுக்க."

"விளையாடாதீங்கக்கா. நம்பர் போடணும்."

"அப்ப பூஜ்யம்னு போடு. நேத்தும் அதானே போட்ட? கை பழகியிருக்குமே."

அஸ்தேரியா பூஜ்யம் போட்டாள். ஆனால் படித்த மனசு பூஜ்யத்தைச் சும்மா விடுமா? சுற்றிலும் குப்பை, நடுவில் மட்டும் சுத்தம், சுவர் நாலும் நூல் பிடித்தாற்போல் நேர், ஆகவே... அன்று மாலை தன் நோட்டில் எழுதினாள்: 'இந்தச் சதுரம் திட்டமிட்டுத் தூய்மையாகக் காக்கப்பட்டிருக்கிறது. வழிபாட்டிடமாக இருக்கலாம்.' அடியில் இரண்டு கோடு போட்டாள். எழுதும்போது நெஞ்சு படபடத்தது. (நெஞ்சு நான் சேர்த்தது. கோடு நிஜம், பார்த்தேன்.)

மறுநாள் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். சிவேமா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்குப் பொரியலை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பை அடைக்க வேறு வழியில்லை.

4

ஒரு மீட்டர் இருபதில் என் மண்வெட்டி வழுக்கியது. கொத்துக்கரண்டியால் மெதுவாகச் சுரண்டினாள் அஸ்தேரியா. நீல நிறம். பிளாஸ்டிக் விரிப்பு, நாலு மூலையும் சதுரத்துக்குச் சரியாக மடித்து விரித்தது.

இங்கே ஒரு அடிக்குறிப்பு அவசியம். தொல்லியல்காரர் எவராக இருந்தாலும், தோண்டி முடித்த குழியின் அடியில் ஒரு விரிப்பைப் போட்டுத்தான் மண்ணைத் தள்ளுவார். பின்னால் வருகிறவருக்குச் சொல்லும் சேதி அது: இதுவரை நான் தோண்டிவிட்டேன், நீ மெனக்கெடாதே.

 அடிக்குறிப்பு முடிந்துவிட்டது.

அஸ்தேரியா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடில்லாத மண். நேரான சுவர். ஏற்கெனவே ஒருத்தர் தோண்டி, சலித்து, ஓடுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு திருப்பிக் கொட்டிய மண்ணைத்தான் மூன்று வாரமாகத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரு தோண்டினது?"

"உங்க சூவா சார்தான். பன்னெண்டு வருசமாச்சு" என்றாள் சிவேமா. "அப்ப அவரு ஒல்லியா இருப்பாரு. இந்த மண்ண அப்பவும் நான்தான் சலிச்சேன். அதான் மாவா வருது."

"அவருக்கே தெரியலயா?"

"மாமரத்துலேருந்து வடக்க பன்னெண்டு மீட்டர்னு எழுதி வச்சாரு. மாமரம் படகா மாறி மீன் பிடிக்கப் போயிருச்சு. கடல்ல போயி அளக்கச் சொல்லு."

"தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?"

"நீ எங்கிட்ட என்ன கேட்ட? ஓடு இருக்கான்னு கேட்ட. இல்லன்னேன். பொய்யா?"

அஸ்தேரியா என்னைப் பார்த்தாள். "நீங்களுமாண்ணே?"

"முன்னாடி ஒருதரம் வாயத் தொறந்தேன்மா. 'நீ தோண்டு மகாமே, யோசிக்கிறத நான் பாத்துக்கிறேன்'னாரு உங்க சார். அன்னையிலேருந்து அந்த வேலைய அவருகிட்டயே விட்டுட்டேன்."

(சொல்லும்போது நான் சிரித்ததாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். சிரிக்கவில்லை.)

5

மணல்மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அஸ்தேரியா அங்கிருந்து பேசினாள். மேட்டுக்குக் கீழே சல்லடை கழுவிக்கொண்டிருந்த எங்களுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள்.

"சார், அடியில நீல விரிப்பு இருக்கு."

"யாராவது கக்கூஸுக்குத் தோண்டியிருப்பாங்க" என்றார் சூவா.

"ரெண்டுக்கு ரெண்டு மீட்டர் அளந்தா சார்?"

"ஒழுங்கான குடும்பம்போல. 'பிற்காலக் குலைவு'ன்னு எழுதிடும்மா. வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

'பிற்காலக் குலைவு.' பின்னால் வந்த ஏதோ ஒன்று மண்ணைக் கலைத்துவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு அழகான சொல். உழவன் தலையிலும் கட்டலாம், எலி தலையிலும் கட்டலாம். 'முன்பே அகழப்பட்டது' என்று எழுதினால்தான் வம்பு. யார் அகழ்ந்தது, அறிக்கை எங்கே, எடுத்த ஓடெல்லாம் எங்கே என்று துறை அலுவலகம் கேட்கும். பன்னிரண்டு வருஷமாக அந்த அறிக்கை எழுதப்படவே இல்லை. ஓடு கட்டி வைத்த சாக்குகள் போன இடம் சூவாவுக்கும் கரையானுக்கும்தான் தெரியும்.

அஸ்தேரியா கீழே இறங்கி வந்தாள். "உண்மையத்தான் எழுதப் போறேன்கா."

"எழுது. நல்ல புள்ள. என் பேர மட்டும் எழுதாத."

"பேரில்லாம எப்படி? சாட்சி யாருன்னு கேப்பாரே?"

"அடுத்த சீசனுக்கு யாரக் கூப்பிடணும்னு லிஸ்ட்டு போடறது அவரு. நீ ஏசி ரூம்ல போயி உக்காந்துக்குவ. நான் எங்க போயி சலிப்பேன், கடலயா?"

அஸ்தேரியாவுக்குக் கோபம் வந்தது. சூவா மீதா, சிவேமா மீதா, தன் நோட்டில் இருந்த அந்த இரண்டு கோட்டின் மீதா என்று அவளுக்கே தெரியவில்லை. (இது நிரப்பல் இல்லை. அவளே சொன்னது.)

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. உண்மையை எழுதுகிறாள். சூவா வெட்கித் தலைகுனிகிறார். பரிசளிப்பு விழா மேடையில் மட்டும் நடக்கிற முடிவு. கிழித்துவிட்டேன்.

ஆ. 'பிற்காலக் குலைவு' என்று எழுதுகிறாள். கையெழுத்து, பட்டம், நாற்காலி. அவளைத் திட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சோறு தின்பீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனசில்லை.

இ. மழை வந்து குழி சரிந்து... சீ.

நடந்தவரை சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. சூவா குழியின் விளிம்பில் நின்று அறிக்கையை வாங்கினார். 'குழியின் நிலை' என்ற கட்டம் காலியாக இருந்தது. அஸ்தேரியா பேனாவைப் பிடித்தபடி, "இது முன்னாடியே தோண்டின குழி சார். நீங்க தோண்டினது" என்றாள். வாக்கியம் முழுசாக வெளியே வந்துவிட்டது.

"அப்படியா? யாரு சொன்னது?"

அவள் சிவேமா பக்கம் பார்க்காமல் பேனாவுக்கு மூடி போட்டாள். சிவேமா சல்லடையின் காலி வலையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சூவா குழிக்குள் குனிந்தார். உள்ளே மண்வெட்டியோடு ஒரு ஆள் நின்றான். "நீ சொல்லுப்பா. இங்க நான் தோண்டியிருக்கேனா?"

அந்த இடத்தில் இதுவரை என்னைத்தான் நிறுத்தியிருந்தேன். இரண்டு பதில் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். நான் கைபிடித்து ஏறி வந்துவிட்டேன். இப்போது குழிக்குள் நிற்பது நீங்கள். மண்வெட்டி உங்கள் கையில். மேலே என்னையும் சேர்த்து நாலு பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லுங்கள்.