வேனில் ஓடும் குரல்

முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருளம்மாள் அந்த முடிச்சைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி, அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் மறுபடி துணி. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கட்டியவர்களுக்குத்தான் வெளிச்சம்.

"வேணாம்மா. விடு."

"மூஞ்சிய மட்டும் பாத்துக்கிறேன்த்தா."

பாண்டிமீனா அம்மாவின் கைகளைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். அங்கே பார்க்க முகமே இல்லை என்று எந்த மகள் எந்தத் தாயிடம் சொல்வாள்? பிணவறையில் அடையாளம் காட்டியவள் அவள்தான். இடது காலில் கோணலாக வளைந்திருந்த சுண்டுவிரலைப் பார்த்து, ஆமாம், எங்கப்பாதான் என்று சொல்லியிருந்தாள்.

"வள்ளித்தாய் வீட்டுலருந்து யாராச்சும் வந்தாகளா?"

"இல்லம்மா."

"அழகுராஜா அங்கனதான நிக்காரு?"

நின்றிருந்தார். எதிர்ச்சாரியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். பாண்டிமீனாவின் அப்பா ஊர்க்காவலனும் அவரும் ஒரே தெருவில் கட்டிப் புரண்டு வளர்ந்தவர்கள். அவர் மனைவி வள்ளித்தாய் மதுரை ஆஸ்பத்திரியில் பாதி உடம்பு வெந்து கிடந்தாள். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தவர், கேத வீட்டு வாசலை மிதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கத்தியது பாண்டிமீனாவின் காதை விட்டுப் போகவில்லை. "அம்புட்டு டிரெய்னிங் குடுத்தும் தொட்டிருக்கான். ஊர்க்காவலன் எங்குடியக் கெடுத்துட்டான்!"

பட்டாசுக் கம்பெனி போலீசிடம் சொன்னதும் அதுதான். முந்தின நாள் மிச்சம் விழுந்த வெடிமருந்தைத் தொழிலாளி தன்னிச்சையாகத் தூக்கியிருக்கிறார், பயிற்சி பெற்றவர், அவருடைய கவனக்குறைவு. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

கேவலம், பாண்டிமீனாவுக்கும் அப்பா மேல்தான் கோபம். அழுகை வருவதற்கு முன்னால் அந்தக் கோபம் வந்து நின்றது. எல்லாம் தெரிந்த மனுஷன். ஏன்ப்பா தொட்டீக?

போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து சினேகா, அவளுடைய மேலாளர். காலையிலிருந்து விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். பாண்டிமீனா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

"சாரி மீனா, இது சரியான நேரம் இல்லன்னு தெரியும். ஆனா நம்ம கஸ்டமர், அந்த ஆலை, ரொம்ப பிரஷர் பண்றாங்க. அப்பா நம்ம சேஃப்டி கோர்ஸ முழுசா முடிச்சிருக்காருன்னு ஒரு மெயில் மட்டும் போட்டுரு. டிசைன் பண்ணது நீ, நீ அனுப்பினாத்தான் வெயிட்டா இருக்கும். ரெண்டு வரி போதும்."

"அவர இன்னும் அடக்கமே பண்ணல சினேகா."

"தெரியும்ப்பா. அதனாலதான் ரெண்டு வரின்னு சொல்றேன்."

பாண்டிமீனா அழைப்பைத் துண்டித்தாள். போனைத் துவைக்கல்லில் ஓங்கி அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. அதற்கு இன்னும் தவணை முடியவில்லை.

அவளுடைய வேலை என்னவென்று ஊரில் பலருக்குப் பிடிபடாது. சென்னையில் அவளுடைய கம்பெனி சாப்ட்வேர் விற்கிறது. வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு முழிக்கக் கூடாதே என்று அவர்களுக்குப் பாடம் தயாரித்துக் கொடுப்பவள் அவள். படம், குரல், கடைசியில் சில கேள்விகள். பட்டாசு ஆலைகளுக்கென்று அவர்கள் ஒரு பாதுகாப்பு சாப்ட்வேர் செய்தபோது சினேகா அவளைத்தான் கூப்பிட்டாள். "உன் ஊரு, உன் ஜனங்க. உன் குரலே இருக்கட்டும்" என்றாள். ஸ்டுடியோவில் உட்கார வைத்து, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத வாக்கியங்களையும் நாள் முழுக்கப் படிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். பின்னால் சின்னத் திருத்தம் வந்தால் அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கம்ப்யூட்டரே அவள் குரலில் படித்துவிடும் என்றார்கள். அவளும் பெருமையாகத் தலையாட்டினாள்.

பாடத்தை அவள் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினாள். காலையில் அறைக்குள் போகையில் நேற்றைய மருந்து கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று போனில் கேட்டபோது ஊர்க்காவலன் சொன்னார்: "தொடவே மாட்டோம்த்தா. ராத்திரி ஈரம் குடிச்ச மருந்து, உள்ளுக்குள்ள சூடேறிக் கெடக்கும். அம்புட்டுப் பேரும் எறங்கி வெளிய வந்து போர்மேனக் கூப்பிடுவோம்." அவள் அதையே பாடத்தில் வைத்தாள்.

அந்த வரியைத்தான் ஆலை பிடிக்கவில்லை என்றது. ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டுப் போர்மேனைத் தேடிக்கொண்டிருந்தால் தீபாவளி லோடு போய்ச் சேருமா? மாற்றிப் படி என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். மாட்டேன், இது ஆளைக் கொல்லும் என்று பாண்டிமீனா சண்டை போட்டாள். கடைசியில் சினேகா, "சரி விடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் பாண்டிமீனா நினைத்தாள்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். பாடத்தை எங்கே பார்ப்பது? அதனால் போர்மேன் சீனிச்சாமி அதன் குரலை மட்டும் பென்டிரைவில் ஏற்றி, ஊர் ஊராக ஆள் ஏற்றும் கம்பெனி வேனில் பாட்டுக்குப் பதிலாக ஓட விட்டார். கேள்விகளுக்கு ஆபீசில் உட்கார்ந்து எல்லார் பேரிலும் அவரே பதில் அழுத்தினார். சென்னையில் எல்லாரும் முழு மதிப்பெண் என்று காட்டியது. சினேகா கேக் வெட்டினாள். வேன் கதையை அப்பா சொல்லித்தான் பாண்டிமீனாவுக்குத் தெரியும். "தெனமும் ஒன் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான்த்தா வேலைக்குப் போறேன்" என்றபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

முன்வாசலில் சத்தம் கேட்டு அவள் திரும்பி வந்தாள். கம்பெனி வேன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து ஊர்ப் பெண்கள் இறங்கி வந்து இருளம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சீனிச்சாமி ஆள் உயர ரோஜா மாலையோடு வந்தார். கூட வந்தவன் முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்புவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"மனசத் தேத்திக்கோ பாப்பா," என்றார் சீனிச்சாமி. "என்ன செய்ய? அண்ணன் மட்டும் டிரெய்னிங்ல சொன்னபடி நடந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?"

பாண்டிமீனாவுக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளே அதைத்தானே உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"சொன்னபடிதான் செஞ்சாரு!"

சொன்னவள் ஓவியா. ஊர்க்காவலனின் தம்பி மகள், அதே ஆலையில் அடுத்த அறையில் வேலை. கையில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"ஏத்தா, நீ சும்மா இரு," என்றார் சீனிச்சாமி.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பெரியப்பா அந்த மருந்துச் சட்டியத் தொடவா வேணாமான்னு நின்னுக்கிட்டே இருந்தாரு. ஒங்களத் தேடுனாரு, நீங்க லோடு ஏத்தப் போயிட்டீக. பெறகுதான், 'எம் மகளே எடுத்து வைக்கச் சொல்லிட்டா, அவ தெரியாமயா சொல்லுவா'ன்னு தூக்குனாரு. வாசல் தாண்டல, வெடிச்சிருச்சு. வள்ளித்தாய் சித்தி நேர எதுக்க வந்துட்டாக."

பாண்டிமீனா அவள் பக்கம் திரும்பினாள். "நான் எங்கடி சொன்னேன்? தொடாதீங்கன்னுல்ல சொன்னேன்?"

ஓவியா அவளை விநோதமாகப் பார்த்தாள். "என்னக்கா சொல்றீக? தெனமும் வேன்ல ஓடுதே. ஒங்க சத்தம் எங்களுக்குத் தெரியாதா?"

பாண்டிமீனா நேரே வேனுக்குப் போனாள். செருப்பில்லாத காலில் தார் சுட்டது தெரியவில்லை. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாவியத் திருப்புங்கண்ணே."

"வேணாம்த்தா."

"திருப்புங்க!"

சாவி திரும்பியதும் ஸ்பீக்கர் தானாகப் பேச ஆரம்பித்தது. "வணக்கம். நான் மீனா. இன்றைக்குப் பாதுகாப்பாக வேலை செய்வோம், வாங்க." இது அவள் பேசியதுதான். பருத்தி உடைகள், தண்ணீர் வாளி, ஓர் அறைக்கு எத்தனை பேர், எல்லாம் அவள் பேசியவை. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அந்தக் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னது: "மிச்ச மருந்து இருந்தால், உடனே வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்க. நேரத்தை வீணாக்க வேண்டாம்."

அவள் குரல். அவள் இழுக்கும் இழுப்பு. அவள் வாய் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

கையில் போன் மறுபடி அதிர்ந்தது. பாண்டிமீனா எடுத்தாள். டிரைவரிடம் அதே இடத்தைத் திரும்பப் போடச் சொல்லி, போனை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தாள். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று குரல் இன்னொரு முறை சொன்னது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தாள்.

"இத நான் எப்ப பேசுனேன் சினேகா?"

"மீனா... அது சின்ன எடிட். கஸ்டமர் கேட்டாங்க. சிஸ்டம்லயே ஜெனரேட் பண்ணோம். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எங்கப்பா முடிச்சாரான்னுதான கேட்டீக? முடிச்சாரு. நீங்க சொன்னத ஒண்ணு விடாம செஞ்சு முடிச்சாரு. போலீஸ்ல அத நான் எழுதிக் குடுப்பேன். எங்கப்பாவக் கொன்னுட்டு மெயிலா கேக்குறீக, மெயிலு?"

அவள் கத்தியதில் தெருநாய்கள் குரைத்தன. சினேகா எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. பாண்டிமீனா திரும்பினாள். சீனிச்சாமி மாலையைச் சுமந்துகொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார்.

"அந்த மருந்த முந்துன நாளே யாரு விட்டுட்டுப் போகச் சொன்னது?"

"மொதலாளிதான் பாப்பா... லோடு..."

"மாலையத் தூக்கிட்டுப் போங்க. எங்கப்பா மேல அது படக் கூடாது."

போட்டோ எடுக்க வந்தவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். சீனிச்சாமி மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேனின் பின்சீட்டில் போட்டார். குரல் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் அணைக்கக் கையை நீட்டினார்.

அப்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அழகுராஜா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, பென்டிரைவைப் பிடுங்கினார். குரல் பாதி வார்த்தையில் நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பாண்டிமீனாவின் கையில் கொடுத்தார்.

"போலீசுக்கு வேணும்ல," என்றார்.

தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலை மிதித்தார். இருளம்மாள் அவரைப் பார்த்ததும் வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"வள்ளித்தாய் எப்பிடி இருக்கா?"

"கண்ணத் தொறந்தா மைனி. பேசல."

"வெந்தது போதும் தம்பி. இவுகள எரிக்க வேணாம். பொதைச்சிருங்க."

"சரி மைனி."

பாடை வாசலுக்கு வந்தது. தூக்க ஆட்கள் குனிந்தார்கள். தலைப்பக்கம் தான் பிடிக்க வேண்டும் என்று அழகுராஜா நினைத்தார் போல. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தது. அவர் பாண்டிமீனாவைப் பார்த்தார்.

"தல எந்தப் பக்கம்த்தா?"

பாண்டிமீனா மண்டியிட்டாள். ஒரு முனையில் துணிக்கு மேலேயே விரல்களால் மெல்லத் தடவித் தேடினாள். கோணலான சுண்டுவிரல் தட்டுப்பட்டதும் அதை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"இது காலு சித்தப்பா," என்றாள்.

அழகுராஜா மறுபக்கம் போனார்.