மூட்டை மேல் விழுந்த பூ

டேப்லெட் திரையில் சாமந்திப் பூக்கள் கண்ணாடிச் சுவருக்குள் புகுந்து வெளியே போய், ஏழாவது மாடியின் வெறும் காற்றில் விழுந்தன. ஜோஷ்வா டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்தான். மேசையும் கண்ணாடிதான். பூ அதிலும் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த இருவரில் வயதானவர் சிரிக்காமல் இருக்க முயன்றார்.

கல்யாண மண்டபங்களுக்காகச் செய்த செயலி அது. டேப்லெட்டின் பின்னாலிருக்கும் சென்சார், எதிரே உள்ள ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அந்தக் கணமே அளந்துவிடும். திரையில் பூவைக் கொட்டினால் நாற்காலியில் படும், தோளில் தங்கும், தரையில் உருளும். கண்ணாடி மட்டும் அதற்குத் தெரியாது. இந்தச் சிறுசேரி அலுவலகத்தில் கண்ணாடியைத் தவிர வேறு சுவர் கிடையாது. ஜோஷ்வா இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும். அவன் ஒப்பந்த ஆள். இந்தப் பெங்களூர்க்காரர்கள் செயலியை வாங்கினால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ரோஹித் சொல்லியிருந்தான்.

"மச்சான், க்ளாஸ்ல பேஜாராவுது," என்றான் ரோஹித், காதருகே. "ரெக்கார்ட் பண்ண ரூம் எதுனா வச்சிருக்கியா? அத ஓட்டு."

ஒன்றுதான் இருந்தது.

சுவரிலிருந்த பெரிய திரையில் அவனுடைய பையனூர் வீடு வந்தது. நிறம் கிடையாது, தூரங்கள் மட்டும் பதிவான சாம்பல் வீடு. ஒரே அறை. தாழ்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூலையில் அடுக்கிய பாத்திரங்கள், கொடியில் தொங்கும் துணி, தரையில் நீளமாக ஒரு மேடு.

மேடு அவன் அப்பா ஏசுபாதம். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் புல் வெட்டுகிறார். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரை அவன்தான் படுக்கச் சொன்னான். ஆள் மேல் பூ நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் சட்டையைக் கழற்றாமல் பாயில் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல விறைத்தார்.

"ஆடாத நைனா."

"மூச்சு வுடலாமாடா?"

"வுடு. மெதுவா வுடு."

அவர் அடக்கிப் பார்த்தார். முடியாதபோது மொத்தமாக விட்டார். பிறகு மறுபடி அடக்கினார்.

"இது என்ன இடம்? குடோனா?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் வயதான பெங்களூர்க்காரர்.

"ஆமா சார். தெரிஞ்சவங்க குடோன்," என்றான் ஜோஷ்வா.

"கீழ கிடக்கறது?"

சொல்லியிருக்கலாம். சோதனைக்காக ஓர் ஆளைப் படுக்க வைத்தேன் என்றால் போதும்; யார் என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஆனால் குடோன் என்று சொன்ன வாய் குடோனில் இருக்கக்கூடியதைத்தான் தேடியது.

"மூட்டை சார்."

"சூப்பர். அது மேல கொட்டு," என்றான் ரோஹித்.

ஜோஷ்வா கொட்டினான். பூக்கள் மேட்டில் விழுந்து நின்றன. ஒன்றுகூட நழுவவில்லை. இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். அப்போது பூக்கள் மெல்ல ஏறின, இறங்கின.

"மூட்டை ஆடுதே?"

"சென்சார் நாய்ஸ் சார். ஃபில்டர் போட்டா நின்னுடும்."

"போடுங்க, பார்க்கலாம்."

போட்டான். ஏற்ற இறக்கம் குறைந்து, குறைந்து, நின்றது. பெங்களூர்க்காரர்கள் கை தட்டினார்கள். ரோஹித் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தான். பக்கத்து மேசைக்காரி அலீனா மட்டும் தட்டவில்லை. அவள் மேட்டின் அந்தக் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடித் துணிக்குக் கீழே, பாதி மறைந்து, இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்கள் கூரையைப் பார்த்திருந்தன. அவள் திரும்பி ஜோஷ்வாவைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் அவன் போனபோது வீட்டு வாசலிலேயே ஏசுபாதம் நின்றிருந்தார். முழங்கால் வரை புல் தூசி.

"நான் வந்தனா அதுல?"

"வந்த."

"இன்னா சொன்னாங்கோ?"

"புடிச்சிருக்காம்."

"என்னியவா?" என்று சிரித்தார். "எம்மேல இன்னாதாண்டா போட்ட?"

"பூ."

"பூவா? அதுக்குள்ளியாடா?" சிரிப்பு இருமலாகி அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டார். "காட்டு, பாப்பம்."

"அழிஞ்சி போச்சி நைனா."

"போனா போவுது. இன்னொருவாட்டி எடு."

ஜோஷ்வா தோள்பையை இறக்குவதற்குள் அவர் பாயை விரித்துப் படுத்துவிட்டார். கைகளை ஒட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"இப்ப வுடலாமா?"

"வுடு நைனா. எப்பவும் போல வுடு."

டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தான். பூக்கள் அவர் மார்பில் விழுந்து தங்கின. ஃபில்டரை அவன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது நிறத்தோடு தெரிந்த திரையில் அவருடைய நீலச் சட்டை ஏறி இறங்கியது. அதன் மேல் கிடந்த பூக்கள் அசையவில்லை.

"வுழுதாடா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.