பத்து லிட்டருக்குக் கீழே

இன்னொரு தடவை அவள் 'ஸாரிக்கா' என்று சொன்னால் நான் எழுந்து போய்விட வேண்டும். தண்ணீர் குடிக்க, ஜன்னலைச் சாத்த, எதற்காவது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பத்து நாளாகக் கேட்டாயிற்று.

இப்படி நினைத்துக்கொண்டே தங்கைக்கு மேஜையில் இடம் ஒதுக்கினேன். அளவுகோல், அட்டைத் துண்டுகள், பசை டப்பா எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினேன். அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க அது?"

"எது?"

"என் குண்டுப்பூனை."

அவளுடைய கணினிக்கு அவளே வைத்த பெயர். "உள்ள இருக்கு" என்றேன். கட்டிலுக்கு அடியில், முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்படி நான்தான் தள்ளி வைத்திருந்தேன்.

"பாவம், நான் அதைக் கொன்னுட்டேன். ஸாரிக்கா."

நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்தே கேட்டேன்.

பதினோரு வருடம் ஓர் அலுவலகத்தில் கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் வரைந்தவள் நான். வரைந்ததெல்லாம் பொய்க்கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். யாரும் அண்ணாந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. வேலையை விட்டபின் பொழுதுபோக்காகக் கணினிப் பெட்டிகள் வரைய ஆரம்பித்தேன். தங்கைதான் முதன்முதலாக நம்பிக் கேட்டாள். அவள் செய்வது வெள்ள வரைபடம். ட்ரோன் மேலே பறந்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டி, எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று காட்ட வேண்டும். மடிக்கணினி அதற்குத் திணறும். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏற முடியாது.

"தோள்ல மாட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன். உனக்கு என்னை விட்டா வேற வாடிக்கையாளர் யாரு?" என்றாள் அன்று.

எங்களைப் போலப் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி லிட்டரில் பேசுவோம், தண்ணீர்க் குடம் மாதிரி. எங்கள் இணையக் குழுவில் ஒரு பெட்டியின் படத்தைப் போட்டால் முதல் கேள்வியே எத்தனை லிட்டர் என்பதுதான். பத்துக்குக் கீழே என்றால் தனி மரியாதை. பத்தரை என்றால் 'நல்ல முயற்சி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு சொல்லில் எத்தனை இளக்காரம் இருக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்படி வரைந்தேன். முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம், பதினான்கு அகலம், இருபது உயரம். ஒன்பது புள்ளி எட்டு லிட்டர். அந்த எண்ணைக் கணினித் திரையில் பார்த்தபோது எனக்குக் கன்னம் சுட்டது. முப்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்து வெட்கப்படுவார்களா யாராவது?

தகட்டுக்கு முன்னால் அட்டையில் செய்து பார்ப்பது என் வழக்கம். தங்கையின் கார்டையும் கேபிள்களையும் வாங்கி உள்ளே பொருத்தினேன். கார்டின் பவர் கேபிள் மேல்பக்கமாகச் செருகும் வகை. மேல்மூடியை வைத்தேன். முழுக்க உட்காரவில்லை. உள்ளங்கையால் அழுத்தினேன். கேபிள் எதிர்த்தது. ரப்பரின் அந்த எதிர்ப்பு உள்ளங்கையின் நடுவில் நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அட்டை லேசாக உப்பி, மூடிக்கொண்டது.

அட்டை இடம் கொடுக்கும். தகடு கொடுக்காது. இது எனக்குத் தெரியாதா? பதினோரு வருடம் தகட்டில்தான் குப்பை கொட்டினேன். பதின்மூன்று மில்லிமீட்டர் உயரம் கூட்டினால் கேபிள் தாராளமாக வளையும். ஆனால் பத்து புள்ளி நான்கு ஆகிவிடும்.

தகடு வெட்டி வளைத்துத் தருகிற பட்டறைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மூடியின் மேல் விரலை வைத்தார்.

"இங்க இறுக்கமா இல்ல? ஒரு விரக்கடை ஏத்திக்கலாமேம்மா."

"பத்தைத் தாண்டிடும்ணே."

"தாண்டினா போலீஸ் பிடிக்குமா?"

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு நான் வரைந்தபடியே வளைத்துக் கொடுத்தார்.

பெட்டியின் படத்தைப் போட்ட அன்று நூற்றுக்கணக்கில் பாராட்டு வந்தது. எனக்கும் இதே வேண்டும் என்று இருபது பேர் சொன்னார்கள். பின்தகட்டில் என் கையெழுத்தைப் பொறிக்கலாம் என்றார் அண்ணன். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், வேண்டும் என்று கேட்கிற குரலில்.

நாலு மாதம் குண்டுப்பூனை ஓடியது. பிறகு ஒருநாள், அதிகாரிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், தங்கை தண்ணீரைத் தெருத்தெருவாக ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, திரை அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். யாரோ ஜன்னலைத் திறந்தார்களாம். அந்த வேலை அவள் கையை விட்டு வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே பெட்டியை என்னிடம் கொண்டுவந்தாள். மூடியைக் கழற்றினேன். பார்த்த நொடியில் புரிந்தது. கேபிள் தன் தலையை ஒட்டியே மடங்கி, அதன் செருகுமுனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முழுதாய் உட்காராத முனை சூடேறிச் சூடேறி, பழுப்பாய் உருகியிருந்தது. மூடியின் அடிப்பக்கத்தில், கேபிள் நாலு மாதமாக முட்டி உரசிய இடத்தில், கறுப்பாய் ஒரு கோடு.

"காலையில பஸ் படியில டம்முனு வச்சேன்க்கா. கை நழுவிடுச்சு. அதுலதானே?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அதுகூட நினைவிருக்கிறது.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். பொய் என்றுகூட யாரும் நிரூபிக்க முடியாத சொல். அவள் அழுதுகொண்டே முகம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு துணியை ஸ்பிரிட்டில் நனைத்து மூடியின் அடியிலிருந்த கறுப்புக் கோட்டைத் துடைத்தேன். சுலபமாகப் போய்விட்டது. என் வாழ்க்கையில் இத்தனை சுத்தமாக எதையும் துடைத்ததில்லை.

மறுநாளே வரைபடத்தில் உயரத்தைக் கூட்டினேன். காற்றோட்டத்துக்காக என்று எழுதினேன். இனி வரும் பெட்டிகளுக்கு ஆபத்தில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கை பத்து நாளாக வெளியே கிளம்பாமல் இருந்தாள். பெட்டியைப் படியில் வைத்த அந்த ஒரு கணத்தை மட்டும் போனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கையா இடது கையா, மழை ஈரமா, செருப்பா என்று.

இதற்கு நடுவே, கருகிப்போன பெட்டி பற்றி எப்படியோ செய்தி கசிந்து, இருபது பேரில் ஆறு பேர் பின்வாங்கினார்கள். அதனால்தான் இன்று அவள் வந்திருந்தாள்.

கைப்பேசி அடித்தது. பட்டறை அண்ணன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி வந்தாச்சா? சொன்னேன்ல, அந்தப் பொண்ணே ரெண்டு வரி எழுதிட்டா போதும். நாம நூறு தடவை சொன்னாலும் விளம்பரம்னுதான் நினைப்பாங்க."

"எழுதிட்டேன் அண்ணா" என்றாள் தங்கை. "படிக்கட்டுமா? கண்ணீர் வராம கேக்கணும், சரியா?"

"படி தாயி."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"'இது என் அக்கா செய்த பெட்டி. இதில் எந்தக் குறையும் இல்லை. நான் கவனமில்லாமல் பஸ் படியில் இடித்ததால்தான் கெட்டுப்போனது. தவறு முழுக்க என்னுடையது. தைரியமாக வாங்கலாம்.' எப்பிடி?"

"முழுக்கன்னு போட்ட பாரு, அதுதான்!" என்றார் அண்ணன். "அந்த ஒரு வார்த்தையில ஆறு பேரும் திரும்பி வந்துடுவாங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. எனக்கு ஒரு உபகாரம் செய்யக் கிடைத்த சந்தோஷம். தன் கடனைத் தீர்க்கப்போகிறவளின் முகம். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கூசியது. திரை அணைந்தபோதோ, கோட்டைத் துடைத்தபோதோ இத்தனை கூசவில்லை. அப்போதெல்லாம் பயம்தான் பெரிதாக இருந்தது. இப்போது, அவள் எனக்காகச் சந்தோஷப்படுகிறாள். இந்தச் சந்தோஷத்தையும் வாங்கி நான் பெட்டிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

"போட்டுடவாக்கா?" கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

"போடாத."

"ஏன், எழுத்துப் பிழையா? உனக்கு எப்பவும் நான் எழுதினாலே குத்தம்."

"பிழை இல்ல."

"பின்ன என்ன? சுருக்கமா இருக்கா? இன்னும் நாலு வரி திட்டிக்கவா என்னை?"

"என்னம்மா ஆச்சு?" என்றது ஸ்பீக்கர். "இன்னைக்குப் போட்டாத்தான் நாளைக்குத் தகடு வெட்ட முடியும். அந்தப் பொண்ணே மனசாரச் சொல்லுது, உனக்கென்ன?"

"வேணாம்ணே" என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. "தகடு வெட்ட வேணாம். யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். நானே எழுதுறேன்."

"நீ என்ன எழுதப் போற?"

அழைப்பைத் துண்டித்தேன். தங்கை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் அந்த நாலு வரியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கழுத்துச் சங்கிலியைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ இடிச்சதால கெடல. அதை அழிச்சிடு."