காந்தத்தில் கையெழுத்து

துறைமுகச் சாலையில் எடைமேடை நடத்தும் சங்கரபாண்டியன், தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. மில்லர்புரத்தில் கிளைட்டன் வைத்திருக்கும் கார் ஆடியோ கடையில் அவர் பாட்டின் அடியை அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கியதும் அப்படித்தான்.

"இது முந்நூறு வாட்ஸ், அண்ணாச்சி," என்றான் கிளைட்டன்.

"யாரு சொன்னா?"

"அட்டையில போட்டிருக்கான்லா."

"லாரிக்காரன் சீட்டுல போட்டதையெல்லாம் நம்புனா எனக்கு எடைமேடை எதுக்குலே?"

ஆறேழு சப்வூஃபர்களை இரு கையிலும் ஏந்திப் பார்த்து, கனமான பன்னிரண்டு அங்குல ஜோடியைத் தேர்ந்தார். அந்த டிக்கிக்குப் பத்து அங்குலம் போதும், கனத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று கிளைட்டன் சொன்னான். மட்டமான சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்று அவர் புரிந்துகொண்டார். இரண்டையும் மரப்பெட்டிக்குள் இறக்கித் திருகும் முன், காந்தங்களின் முதுகில் மார்க்கரால் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"மாத்திறக் கூடாதுல்லா."

கிளைட்டன் இரண்டையும் பெட்டியில் திருகி முடித்தான். கடை திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சங்கரபாண்டியனோ துறைமுக வாகன உரிமையாளர் நலச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர். அவர்கள் வந்தால் கடை, வராவிட்டால் ஷட்டர்.

அன்று சாயங்காலம் காரும் தெருவும் அதிர்ந்தன. செயலாளர் திருப்தியோடு போனார்.

ஐந்தாம் நாள் காலை குழுவில் அறிவிப்பு வந்தது. 'உறுப்பினர்கள் கவனத்திற்கு. மில்லர்புரம் கார் ஆடியோ கடையில் போலிச் சரக்கு விற்கப்படுவதாக ஐயம் எழுந்துள்ளது. விசாரணை நடைபெறுகிறது. இவண், செயலாளர்.' ஐயம் எழுந்தது அவருக்கு மட்டும்தான் என்பது அறிவிப்பில் இல்லை. அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் கிளைட்டனுக்குப் போன் போட்டு, அப்புறம் பார்ப்போம் என்றார்கள்.

பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி காரில் வந்து இறங்கினார். அவரும் செயலாளரேதான்.

"பாட்டு வருது, அடி வரலை. கொசு பாடுத மாதிரி இருக்கு. சரக்கை மாத்திட்டியாலே?"

"கையெழுத்து போட்டிருக்கீயள்லா. கழட்டிப் பாத்துருவோம்."

"அதெல்லாம் இருக்கு. நான் பாத்துட்டேன்."

கிளைட்டன் நிமிர்ந்தான். "காந்தம் பெட்டிக்குள்ளல்லா இருக்கு. எப்பம் பாத்தீய?"

சங்கரபாண்டியன் எதிர்க்கடைப் பலகையை வாசித்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம். சும்மா ஒரு ஆய்வு."

கிளைட்டன் திருகுகளைக் கழற்றினான். கையெழுத்து இரண்டும் பத்திரமாக இருந்தன. ஒன்றில் மட்டும் சிவப்பு வயர் பிளஸுக்குப் பதில் மைனஸில் இருந்தது.

"ஒண்ணு முன்னால தள்ளுது, மத்தது பின்னால இழுக்கு. ரெண்டும் சேந்து அடியை அழிச்சிருது."

"நீ சொன்னா ஆச்சா?"

கிளைட்டன் பெட்டியிலிருந்து வந்த வயரின் நுனிகளில் ஒரு பென்சில் செல்லை வைத்தான். ஒரு ஸ்பீக்கரின் கோன் வடிவத் தாள் மேலே எழுந்தது, மற்றதினுடையது உள்ளே அமுங்கியது. சங்கரபாண்டியன் குனிந்து பார்த்தார். செல்லை வாங்கி அவரே ஒருமுறை வைத்தார்.

"இந்தச் செல்லு ஒரிஜினலா?"

வயரை மாற்றியதும் அடி நெஞ்சில் விழுந்தது. செயலாளர் உடனே குழுவில் எழுதினார். 'செயலாளர் நேரில் நடத்திய தொழில்நுட்ப ஆய்வில் கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.'

"யாரு தப்புன்னு இல்லையே," என்றான் கிளைட்டன்.

"சங்கத்துல யாரையும் குறிப்பிடுத வழக்கமில்ல."

"காலையில என் கடையைக் குறிப்பிட்டீயளே." கிளைட்டன் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கார் ஊமையானது.

சங்கரபாண்டியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழுவில் தட்டினார். 'கடையின் மீது தவறில்லை. வீட்டில் டார்ச் பிடித்தவரின் கவனக்குறைவால் வயர் இடம் மாறியது.'

கார் அவர் மனைவி செல்வலட்சுமி பெயரில் இருக்கிறது. ஆகவே அவளும் சங்க உறுப்பினர். இரண்டு நிமிடத்தில் அவள் பதில் முந்நூறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

'டார்ச் நேராத்தான் பிடிச்சேன். அந்தப் பையன் ஒழுங்கா மாட்டினதைப் பிரிக்காதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். சிவப்பு வயரை அங்க குடுக்காதீங்கன்னும் சொன்னேன்.'

கிளைட்டன் அதை இரண்டு முறை வாசித்தான். பிறகு ஃபியூஸை எடுத்து மாட்டினான்.