டிரைவர் பார்சல்

மாரிச்செல்வி ஸ்வாதிக்குத் தர வேண்டியது எழுநூற்று அறுபத்தைந்து ரூபாய். ஒரே நாளில் ஏறிய கடன் இல்லை அது. தென்காசிக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து யாருக்காவது பிறந்தநாள் வரும், இல்லையென்றால் சாரல் விழும். உடனே ஸ்வாதி எல்லோரையும் குற்றாலத்துக்குக் கிளப்புவாள். புரோட்டாக் கடையில் பணத்தை அவளே கட்டிவிட்டு, பிறகு வாட்ஸப் குரூப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவாள். பில்லை மட்டும் யார் கண்ணிலும் காட்டமாட்டாள்.

கடனைக் கேட்டு நெருக்கவும் மாட்டாள். அதுதான் மாரிச்செல்விக்கு உறுத்தியது. "நான் வரல" என்று சொன்னால் மட்டும் பாக்கி அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.

இந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மாரிச்செல்வியின் பையில் பரீட்சை பீஸ் இருந்தது. மேலகரத்தில் வாடகை வேன் ஓட்டும் அவள் அப்பா நயினார், முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தது. திங்கட்கிழமை கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

"வாரியா, இல்ல பாக்கிய இப்பமே வைக்கியா?" என்றாள் ஸ்வாதி.

"பீஸ் கட்டணும்ட்டி."

"அப்போ வா. நாந்தான போடுதேன்? என்னமோ ஒன் சொத்த எழுதிக் கேட்ட மாதிரி மொறைக்க."

கூட நின்ற தோழி நிர்மலாதேவி சிரித்தாள். "இவ வராட்டா அருவில தண்ணி நின்னுரும்லா."

ஐந்து பேரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். ஐந்தருவியில் நனைந்துவிட்டு, ஈரத்தலையோடு வழக்கமான அதே கடை. வழியில் விலை குறைந்த கடைகள் இருந்தன. "அங்கன சால்னாவ வாயில வைக்க முடியாது" என்று ஸ்வாதி எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனாள். மாரிச்செல்வி ஒரு புரோட்டாவோடு கையைக் கழுவிவிட்டு, கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வாதி பணத்தை நீட்டினாள். கடைக்காரர் வாங்கிப் போட்டுக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வாழையிலை, மேலே செய்தித்தாள், குறுக்கே சிவப்பு நூல்.

அந்தப் பொட்டலத்தை மாரிச்செல்விக்குத் தெரியும். சீசன் நாட்களில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவது. அருவிக்கு வரும் கூட்டத்தைக் கடைக்கு அழைத்துவரும் டிரைவருக்குச் சாப்பாடு சும்மா. வீட்டுக்கு ஒரு பார்சல், தலைக்கு இவ்வளவு என்று கையிலும் ஏதோ வைப்பார்கள். அதைத் தின்று வளர்ந்தவள் அவள்.

வந்தது டவுன் பஸ்ஸில். இதில் டிரைவர் யார்?

பக்கத்தில் போய் நின்றாள். "டிரைவர் பார்சலாட்டி?"

ஸ்வாதியின் கை பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் இழுத்தது. "மெதுவா பேசுட்டி."

"ஒன் சாப்பாடு சும்மா. எங்க தலைக்கு எம்புட்டு வாங்குத?"

"அம்மா தையல்ல வாரது எனக்கு பஸ்ஸுக்கே காணாது. ஒங்க கூட நானும் வரணும்லா."

அவள் முகத்தில் வழிந்தது கண்ணீரா, தலையிலிருந்து இறங்கிய அருவித் தண்ணீரா என்று தெரியவில்லை. மாரிச்செல்வி நம்பவில்லை.

"ஒன் பாக்கி முடிஞ்சிட்டு. விடு" என்றாள் ஸ்வாதி. " அவளுவகிட்ட மட்டும் சொல்லிராத."

"வாயால சொல்லுவ, நாளைக்கு மாத்துவ. குரூப்ல போடு."

ஸ்வாதி போனை எடுத்தாள். அவள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் மாரிச்செல்வி தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். 'மாரிச்செல்வி பாக்கி 765. இன்னைக்கு உள்ளதும் சேர்த்து வந்துவிட்டது.'

சாப்பிட்ட மேசையில் கிடந்த மற்றவர்களின் போன்கள் ஒன்றாகச் சிணுங்கின.

"எப்பட்டி குடுத்த?" என்று கேட்டாள் நிர்மலாதேவி.

"இப்பந்தான்" என்றாள் மாரிச்செல்வி, பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு.