பிந்தி வந்த பேச்சு

பல் டாக்டரின் மனைவி செவ்வாய்க்கிழமை சொன்னது வியாழக்கிழமைதான் காதில் விழுந்தது. வாய் அசைந்தபோது சத்தம் இல்லை. சத்தம் வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆளில்லாத சமையலறையிலிருந்து, "உப்பு தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று அவள் குரல் கேட்டது. டாக்டர் வாங்கி வந்தார். அதற்குள் அவள் பக்கத்து வீட்டில் வாங்கிச் சமைத்தே முடித்திருந்தாள். டாக்டர் வீட்டில் உப்புக்கு மட்டும் பிறகு பஞ்சமே வந்ததில்லை.

டாக்டர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கீழே கிளினிக், மேலே வீடு. நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம் பேசிப் பேசி, கேள்வியையும் பதிலையும் தானே சொல்லிவிடுவது அவருக்குப் பழகிவிட்டது. "வலிக்குதா? வலிக்காது." மாடியேறி வந்தாலும் அதே கதைதான். "சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்ப. அக்கா வீட்டுக்குப் போகணுமா? இப்ப எதுக்கு, அப்புறம் பாத்துக்கலாம்." அவள் வாய் திறப்பதற்குள் அவர் கைகழுவப் போயிருப்பார். கல்யாணமான புதிதில் அவள் பேச்சு ஒரு மூச்சு அளவுதான் பிந்தியது. அடக்கமான பெண் என்று அவர் வீட்டார் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பிறகு அது ஒரு நாளாகி, ஒரு மழைக்காலமாகி, கடைசியில் வருஷக்கணக்கில் பின்தங்கியது.

அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒன்றைச் சொன்னோமா, வெறுமனே நினைத்தோமா, இனிமேல்தான் சொல்லப்போகிறோமா? கூடத்தில் தன் பழைய குரல் "யாராவது இருக்கீங்களா" என்று கேட்டால், "நான் இருக்கேன்" என்று ஓடிப்போய்ச் சொல்வாள். அந்தப் பதில் வந்து சேரும்போது, சொன்னதே அவளுக்கு மறந்திருக்கும். எந்தக் குரல் தன்னுடையது என்று குழம்பி, அடுப்பில் வைத்ததை மறந்து, சுவரில் காதை வைத்து நிற்பாள். பாவம், மனுஷி என்னதான் செய்வாள். அவளுக்கு மறை கழன்றுவிட்டதென்று தெருவே முடிவுகட்டியது. அந்த வருஷம்தான் தெருவுக்குப் புதுத் தண்ணீர்க்குழாய் போட்டார்கள்.

மனநல டாக்டர் ஒருவரை வரவழைத்தார்கள். "உங்களுக்கு இங்க என்ன கஷ்டம்?" என்று அவர் கேட்டார். அவள் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மட்டும், "பால் பொங்குது, பால் பொங்குது" என்று வந்தது. வந்தவர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார். போனவர்கள் சீக்கிரம் திரும்பாத ஆஸ்பத்திரி அது. "அவளுக்கும் அதான் நல்லதுன்னு படுது" என்று பல் டாக்டர் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

கூட்டிப்போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், தையற்காரியான அவள் அக்கா வந்தாள். வந்து பல வருஷமாகியிருந்தது. தங்கை எதிரில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார் டாக்டர். அப்போது ஜன்னல் பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது. "அக்கா, போயிடாத. இவர் நல்லவர்தான். ஆனா நான் பேசுறது எனக்கே கேக்கல. என்னையும் கூட்டிட்டுப் போயிடு."

கடைசியாக வந்து திரும்பிய அன்று, அந்த ஜன்னலில் தங்கையின் வாய் அசைந்ததை அக்கா பார்த்திருந்தாள். போய்வா என்கிறாள் என்று நினைத்துக் கையாட்டிவிட்டு பஸ் ஏறியிருந்தாள். இப்போது எழுந்துபோய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பழசு, அக்கா. இப்ப அப்படி எல்லாம்…" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க, மாப்பிள்ளை. அவ சொல்லிட்டா."

அன்று சாயங்காலமே ஒரு பையோடு தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே தங்கை ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை. அக்காவும் தொந்தரவு செய்யவில்லை. ஒரு மத்தியானம், "மெஷினை நிறுத்துக்கா, தலை வலிக்குது" என்றாள். சொன்னபோதே கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மெஷினை நிறுத்தினாள்.

டாக்டர் வீட்டில் அவள் பேசியது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவள் போய் ஆறு வருஷமாகிறது, பேச்சு தீர்ந்தபாடில்லை. புதிதாக வரும் நோயாளிகள் மாடியில் யார் என்று கேட்பார்கள். "எங்க வீட்டம்மாதான். முடிக்கட்டும்" என்று சொல்லி, டாக்டர் கையிலிருந்த பல் பிடுங்கும் குறட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்.