தலைக்கட்டில் இல்லாத வீடு

மேலூர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அன்று காலையிலிருந்தே காத்துக்கிடந்தோம். வெளியே கல் குவாரி உக்கிரபாண்டியின் ஜீப் நின்றது. உள்ளே பெஞ்சில் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்ச் சூளை எங்களுக்கா, உக்கிரபாண்டிக்கா என்பது அவள் கைரேகையில் இருந்தது.

மடத்தனம் எங்களுடையதுதான். அறுபத்தெட்டில் ஊரே சேர்ந்து மூன்று ஏக்கர் வாங்கிச் செங்கல் சூளை போட்டோம். வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து வேலை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் வீடுகளில் உலை கொதித்தது அந்தச் சூளையால்தான். ஊர் பேரில் பத்திரம் வேண்டுமென்றால் முதலில் சங்கம் பதிந்துவிட்டு வரச் சொன்னார்கள். யார் அலைவது? "நம்ம பேயாண்டி மாப்ள பேருல எழுதுங்கய்யா" என்று பெரிய மேதாவியாகச் சொன்னவன் நான். பேயாண்டியும் சாகும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தன்னுடையது என்று சொன்னதில்லை.

அவன் போன மறு மாசமே ஊர் வரி கட்டும் வீடுகளின் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து அவன் வீட்டை எடுத்தோம். ஆண் இல்லாத வீடு எங்களுக்குத் தலைக்கட்டு ஆகாது. கோயில் வரி இல்லை, சூளையில் முறையும் இல்லை. வரி மிச்சம்தானே, பாவம் என்று வேறு பேசிக்கொண்டோம். பிள்ளையில்லாத அவன் பெண்சாதி சின்னத்தாய் உக்கிரபாண்டியின் குவாரியில் ஜல்லி உடைக்கப் போனாள். சூளை நிலம் சட்டப்படி இப்போது அவளுடையது என்பது, உக்கிரபாண்டி அவளிடம் விலை பேசிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அடித்துப் பிடித்து ஊர் அறக்கட்டளைப் பத்திரம் தயார் செய்தோம். அதில் அவள் ரேகை வைத்துவிட்டால் இனி நிலத்தை யாரும் விற்க முடியாது. பட்டியலில் உள்ள தலைக்கட்டுகள் அனுபவிக்கலாம். அவளிடம் சொன்னபோது "வாரேன்" என்றாள், அவ்வளவுதான். உக்கிரபாண்டியிடமும் அதையே சொல்லியிருப்பாள் போல.

பத்திரம் எழுதுபவர் பால்பாண்டி பட்டியலை வாசித்து முடித்தார்.

"என் வீடு எங்கண்ணே?" என்று சின்னத்தாய் என்னைக் கேட்டாள்.

பேயாண்டியின் பங்காளி கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டார். "அது வழக்கம் இல்லத்தா. பேசாம ரேகைய வையி. ஊருக்குத் துரோகம் பண்ணிராத."

"எந்த ஊருக்கு? என்னைய எடுத்துப் போட்ட ஊருக்கா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அவ வீட்டையும் சேத்து எழுதுங்க" என்றேன் பால்பாண்டியிடம்.

"என் வீடு மட்டும் வேணாம்ணே. ராக்கம்மா, அன்னக்கொடி, அழகம்மா, அவுக வீட்டையும் எழுதுங்க. புருசன் செத்ததும் அம்புட்டுப் பேரையும் ஒரே மாதிரிதான எடுத்தீக?"

"நாளைக்குப் பொம்பளைக எல்லாம் கோயில்ல மரியாதை கேப்பாளுக!" என்று கருத்தக்கண்ணன் எகிறினார்.

சின்னத்தாய் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். படியில் உக்கிரபாண்டி தன் பத்திரத்தோடு நின்றான். "வா தாயி" என்றான், வெற்றிலைச் சிரிப்போடு. உள்ளிருந்து குமாஸ்தா எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்.

கருத்தக்கண்ணனின் கையை எட்டிப் பிடித்தேன். "அண்ணே, வழக்கம் வேணுமா, சூளை வேணுமா? இப்பச் சொல்லுங்க."

அவர் என் தாயையும் சேர்த்துத் திட்டினார். பிறகு, பால்பாண்டி எழுதி முடித்ததும் பேனாவைப் பிடுங்கினார். புதிதாக எழுதிய நான்கு வீடுகளுக்கும் பக்கத்தில் அவரையும் என்னையும் சேர்த்து அறக்கட்டளையின் அறங்காவலர்கள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். வாசலில் நின்றபடியே அவள் ஒவ்வொரு கையெழுத்தையும் பார்த்தாள். கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

சார்பதிவாளர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "யாரும் வற்புறுத்தி எழுதிக் குடுக்கலையேம்மா?"

"என்னைய யாரும் வற்புறுத்தல சார்" என்றாள் சின்னத்தாய், கட்டைவிரலை மையில் அழுத்தியபடி. "நாந்தான் இவுகள வற்புறுத்துனேன்."